ஓரத்துப் புள்ளிக்கு ஒரு கோடு

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. வலது காது பழையபடிதான். நீ போனில் பேசினால் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவது போல இருக்கிறது. ஆகையால் மறுபடியும் சொல்கிறேன், போன் வேண்டாம். கடிதம் எழுது. எழுத நேரமில்லை என்றால் அதையாவது எழுது.

நீ அனுப்பிய ஆராய்ச்சிப் புத்தகம் வந்து சேர்ந்தது. போன வருஷம் இரண்டு மாதம் என் அறையில் தங்கி, எங்கள் தண்ணீர் மீட்டர் தொழிற்சாலைக்கு நடையாய் நடந்து, ஒவ்வொருத்தராகப் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டாயே, அதெல்லாம் இப்படி அட்டை போட்டு வரும் என்று நான் நினைக்கவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் தெருவில் போகிறவனை எல்லாம் நிறுத்திக் காட்டியிருப்பாள். என் தங்கைக்கு அந்த வழக்கம் உண்டு. எனக்குக் கிடையாது. மேசை மேல் வைத்திருக்கிறேன்.

முழுக்கப் படித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அதற்காகப் புரியவில்லை என்று நினைத்துவிடாதே. "பங்கேற்பாளர்" என்ற சொல் ஒரே வாக்கியத்தில் மூன்று தடவை வருகிறது. ஆட்கள் என்று எழுதினால் பட்டம் தர மாட்டார்களா?

மூன்றாவது அத்தியாயத்தில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறாய். வேலையிடத்தில் எந்தப் பண்பு முக்கியம் என்று கேட்டதற்கு எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் நேர்மைக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். அந்த நேர்மை மதியம் கேன்டீனில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். ஆறு வருஷமாக ஜன்னலோர மேசையில் அதுவும் நானும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு படம். ஆளுக்கொரு புள்ளி. "வேலையில் ஒரு சிக்கல் என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்?" என்று நீ கேட்டதற்கு யார் யாருடைய பெயரைச் சொன்னார்களோ அவரை நோக்கி ஒரு கோடு. பெயர் போடவில்லை, சரி. ஆனால் பகுதிக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறாய். சோதனைப் பகுதிக்குப் பச்சை. நான் ஓய்வு பெறும்வரை சோதனைப் பகுதியில் இருந்த ஒரே ஆள் நான்தான். இதை மறைத்தது என்று சொன்னால் பூனைகூடச் சிரிக்கும்.

பச்சைப் புள்ளியிலிருந்து வெளியே கோடு இல்லை. நான் யாரிடமும் போவதில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அசெம்பிளிப் பகுதியின் நீலப் புள்ளி ஒன்றிலிருந்து உள்ளே ஒரு கோடு வருகிறது. முதலில் அச்சுப் பிசகு என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். கோடுதான்.

யார் அது?

அடுத்த கடிதத்தில் எழுது. சுற்றி வளைக்காதே.

இப்படிக்கு,
மாமா


ஜனவரி 21

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆட்கள் என்றே எழுதியிருக்கலாம்தான். என் வழிகாட்டி விடமாட்டார். அவர் தன் மனைவியைக்கூடப் பங்கேற்பாளர் என்றுதான் நினைக்கிறார்.

பச்சை நிறம் என் தப்பு. ஒரு பகுதியில் ஒரே ஆள் இருந்தால் நிறத்தை மாற்றியிருக்க வேண்டும். இறுதிப் பிரதியில் மாற்றிவிடுவேன்.

ஆனால் யார் யாரைச் சொன்னார்கள் என்று நான் சொல்ல முடியாது மாமா. ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வெளியே விடமாட்டேன் என்று. சொந்த மாமாவுக்கும் அது பொருந்தும். உங்களுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடுங்கள். இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை எண்ணெய்ப் பாட்டிலுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறீர்களா? ஒரு வேளையாவது ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுங்கள். நான் இங்கே இருக்கும் அறை உங்கள் அறையைவிடச் சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அங்கே இருந்தபோது காலையில் நீங்கள் தொண்டையைச் செருமுவது எரிச்சலாக இருந்தது. இப்போது அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன்.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொல்ல மறுத்தது சரி. என் கோபம் இரண்டு நாள்தான் இருந்தது. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் நீ சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நானே கண்டுபிடித்துவிட்டேன்.

அசெம்பிளிப் பகுதியில் மீட்டர் பூட்டுகிற மீசையை உனக்குத் தெரியும். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் முகத்தை விட்டு இறங்கவில்லை. ஒரு தொகுதி மீட்டரை முழுக்க ரிஜெக்ட் என்று நான் கழித்துத் தள்ளிய பிறகு என்னோடு யாரும் பேசாமல் இருந்த காலத்தில் ஒருநாள் என் சோதனை மேசையில் ஃபியூஸ் போய்விட்டது. மீசை வந்தார். நான் கம்பி மாட்டி முடிக்கும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டுப் போனார். வேறு யாராக இருக்க முடியும் என்று ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். வேறு ஒருத்தரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அப்பா, ரிஜெக்ட் வந்திருக்காரு" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. வேற பேரு சொல்லியிருந்தாதான் நீ யாரச் சொல்றேன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றேன்.

மீசை வந்தார். பனியனோடு இருந்தவர் என்னைக் கண்டதும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன சார், பழைய மீட்டர்ல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு நீங்க சொல்ல வேண்டாம். நானும் கேக்க மாட்டேன். ரகசியம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பழப் பையைப் பார்த்தார். மீசை, "சரி சார், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். தேநீர் வந்தது. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் வரும்போது அவர் தெருமுனைவரை கூடவே வந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் என் அறைக்கு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பேச ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஆனால் ஒன்று கவனித்தேன். தனியாகப் பேசாமல் இருப்பதும் இன்னொருத்தரோடு பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல. இதை நீ ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம், என் பெயரைப் போட வேண்டாம்.

முதல் தடவை வந்தபோது தேநீர் ஊற்ற டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அவருக்கு அதைக் கொடுத்துவிட்டு நான் சவரக் கிண்ணத்தில் குடித்தேன். மறுநாள் கடைக்குப் போய் இரண்டாவது டம்ளர் வாங்கினேன். கடைக்காரர் ஆறாகத்தான் தருவேன் என்றார். எனக்கு ஐந்து பேர் கூடுதலாகத் தெரியாது என்று சொல்லி ஒன்று வாங்கி வந்தேன்.

எண்ணெய் தேய்க்கிறேன்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 14

பாப்பாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மீசை வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. நான் புது டம்ளரில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சார், ஒரு விஷயம். உங்க தங்கச்சி பொண்ணு கேள்வி கேட்டாங்களே, அதுல நான் உங்க பேர எழுதல."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க பழமெல்லாம் வாங்கிட்டு வந்துட்டீங்க. எதுக்கு நன்றின்னே எனக்கு அப்பப் புரியல. போன வாரம் நீங்க அந்தப் படத்தக் காட்டுனப்பறந்தான் புரிஞ்சுது."

"அப்போ டார்ச் பிடிச்சது?"

"எந்த டார்ச் சார்?"

அவருக்கு நினைவே இல்லை பாப்பா.

நல்ல மனுஷன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கேன்டீனில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று கேட்டிருக்கிறார். "யாருப்பா அவர் பேர எழுதுனது, சொல்லிடுங்க, மனுஷன் தேடிக்கிட்டு இருக்காரு." உடனே ஒருத்தன், "அவருகிட்ட சிக்கலக் கொண்டு போனா சிக்கலையும் ரிஜெக்ட் பண்ணிருவாரு" என்றானாம். சிரித்தார்களாம். நல்ல தமாஷ்தான். நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

சிரித்த பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லையே இது. நானோ ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவன். என் பெயரை எழுதினேன் என்று சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனாலும் ஒருத்தர்கூட இல்லை.

"நான் எழுதியிருக்கலாம் சார். தோணல" என்று சொல்லிவிட்டு மீசை தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோடு நீ போட்டதா? ஆம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மாமா


மார்ச் 23

அன்பு மாமாவுக்கு,

ஆம்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

அந்தப் படத்தை நான் கையால் வரையவில்லை, கம்ப்யூட்டர்தான் வரையும். யார் யாரைச் சொன்னார்கள் என்ற விவரத்தைக் கொடுத்தால், அதிகக் கோடு உள்ள புள்ளிகளை அதுவே நடுவில் கூட்டி வைக்கும். கோடே இல்லாத புள்ளியைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் அது நகர்ந்துகொண்டே போகும். நீங்கள் நகர்ந்துகொண்டே போனீர்கள் மாமா. தாளின் ஓரத்துக்குப் போய், அப்புறம் தாளுக்கு வெளியே. நான் ஒவ்வொரு தடவையும் இழுத்து உள்ளே வைத்தேன். அடுத்த தடவை வரையச் சொன்னால் மறுபடி வெளியே போனீர்கள்.

பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. அது யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. அதிலிருந்து உங்களுக்கு ஒரு கோடு போட்டேன். நின்றுவிட்டீர்கள்.

புத்தகம் உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். நீங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதை நினைத்துத்தான் போட்டேன். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கிளம்புவீர்கள் என்று நினைக்கவில்லை. டம்ளர் வாங்கிய கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கை ஓடவில்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

நான் செய்தது தப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அத்தனை கோடுகளில் இது ஒரு கோடு. இதனால் ஆராய்ச்சியின் எந்த முடிவும் மாறவில்லை. புத்தகத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன், அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. இப்போது போய்ச் சொன்னால் எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பார்கள். மற்ற கோடுகளையும் சந்தேகப்படுவார்கள். ஐந்து வருஷ உழைப்பு மாமா. ஒரு கோடுதானே. யாருக்குத் தெரியப் போகிறது?

என்னைத் திட்டுங்கள். ஆனால் இதை இப்படியே விடச் சொல்லுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில், முடியாது.

ஆறு வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று நீ உன் புத்தகத்தில் எழுதவில்லை, "ஒரு பழைய பூசல்" என்று மட்டும் போட்டிருக்கிறாய். நான் சொல்கிறேன். ஒரு தொகுதி மீட்டர் வந்தது. மேசையில் வரிசையாகப் பூட்டித் தண்ணீரைத் திறந்தேன். தொட்டியில் நூறு லிட்டர் விழுந்தது, முள் நூற்று நான்கு காட்டியது. ஒன்றிரண்டல்ல, தொகுதி முழுக்க. மேனேஜர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாலு லிட்டர்தானே சார். யாருக்குத் தெரியப் போகுது" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. நீ எழுதியிருக்கிறாயே, அதே மாதிரி கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். அந்த மீட்டரை வீட்டில் மாட்டுகிறவன் குடிக்காத தண்ணீருக்கு ஆயுசு முழுக்கக் கணக்குக் கொடுப்பான். நான் கழித்தேன். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. ஆட்களுக்கு அந்த வருஷம் ஓவர்டைம் போயிற்று, வெகுமதி போயிற்று. அதற்குப் பிறகுதான் ஜன்னலோர மேசை எனக்கு மட்டும் என்று ஆனது. நீ அனாதைப் புள்ளி என்று இரக்கப்படுகிறாயே, அந்தப் புள்ளியை நான் வேலை செய்து சம்பாதித்தேன்.

அதை எடுத்து நூற்று நான்கு ஆக்கிவிட்டாய்.

உன் ஆராய்ச்சி எதைப் பற்றி? மனிதர்கள் வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி. எங்கள் ஆட்கள் என்னோடு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு ஒரே ஆதாரம் அந்தப் படம்தான். கேட்டால் எல்லோரும் நேர்மைக்கு முதலிடம் தருவார்கள். அந்தப் புள்ளிக்குக் கோடு இல்லை என்பது இருந்தால்தான் அந்த அட்டவணைக்கு அர்த்தம். அதை அழித்துவிட்டு முடிவு மாறவில்லை என்கிறாய்.

நீ பொய்க்கோடு போட்டாய் என்பதுகூட என் கோபம் இல்லை. இந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் எழுந்ததும் யாரோ ஒருத்தர் என் பெயரை எழுதியிருக்கிறார் என்ற நினைப்பு முதலில் வரும். அப்புறம்தான் முழங்கால் நினைவு வரும். அந்த இரண்டு மாதத்தை நான் இப்போது எங்கே கொண்டுபோய்க் கழிப்பது?

கோட்டை எடு. உன் வழிகாட்டியிடம் நீயே போய்ச் சொல். எடுத்த பிறகு எழுது. அதுவரை எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

மாமா


அக்டோபர் 11

அன்பு மாமாவுக்கு,

எடுத்துவிட்டேன். புதுப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வழிகாட்டியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். வாய்மொழித் தேர்வை நிறுத்திவிட்டார்கள். எல்லாத் தாள்களையும் வேறு ஒருவர் உட்கார்ந்து முதலிலிருந்து சரிபார்த்தார். கோடைக்காலம் முழுக்க அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூடப் படித்தவர்கள் நடைவழியில் என்னைப் பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மதியம் நானும் ஜன்னலோரமாக ஒரு மேசை பிடித்தேன். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்கள் எப்படி ஆறு வருஷம் இருந்தீர்கள் என்று தெரியவில்லை மாமா. எனக்கு ஆறு மாதமே நீளமாக இருந்தது.

மற்ற கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகிறது. தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு இன்னும் சின்னதற்கு வந்துவிட்டேன். புது முகவரி கீழே இருக்கிறது.

படத்தைப் பாருங்கள். பகுதிக்கான நிறங்களை எடுத்துவிட்டேன், இனி யாருக்கும் யாரென்று தெரியாது. கோடில்லாத புள்ளியைக் கம்ப்யூட்டர் வெளியே தள்ளியது. நான் உள்ளே இழுக்கவில்லை. தாளையே பெரிதாக்கச் சொன்னேன். அதனால்தான் அந்தப் பக்கம் மட்டும் மடித்து வைத்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிக்கல் என்றால் முதலில் யாரிடம் போவீர்கள் என்று அந்த இரண்டு மாதமும் நான்தான் எல்லோரையும் கேட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அந்தத் தொழிற்சாலை ஆள் இல்லை, அதனால் என் பதில் கணக்கில் சேராது. தெரியும். ஆனால் ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்த அன்று யாரிடம் போவது என்று யோசித்தேன். ஒரே ஓர் ஆள்தான் நினைவுக்கு வந்தார். அவர்தான் எழுதாதே என்றிருந்தார்.

அன்புடன்,
பாப்பா


அக்டோபர் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

படம் வந்தது. மேசையில் இடம் போதாமல் தரையில் விரித்து, ஜன்னலைத் திறந்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முழங்கால் நிறைய சத்தம் போட்டது. நடுவிலிருக்கும் கூட்டத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே என் உள்ளங்கை வைக்கிற அளவுக்கு வெறும் தாள். கை வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் எதற்கும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

மீசை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. நான் அவர் வீட்டுக்குப் போனதே நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்லத்தான். சந்தையில் ஒருநாள் பார்த்தேன். தலையாட்டினார். நானும் ஆட்டினேன். குழாய் ஒழுகவில்லையாம்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். நீ சொல்வது சரி. உன் பதில் கணக்கில் சேராது. நான் எழுதாதே என்று சொன்னதும் சரிதான், மறுபடி நடந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதங்களில் தபால்காரர் கீழ்வீட்டில் நின்று பெயர் படிக்கிற நேரத்துக்கு நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். பிரிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எதிர்பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

உன் புது அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை.

பட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்றால் நடுவில் விடுமுறை என்று ஒன்று வரும். இந்த அறை முன்பு இருந்த அளவில்தான் இருக்கிறது. இரண்டாவது டம்ளர் அலமாரியின் மேல்தட்டில், செய்தித்தாளில் சுற்றி இடது பக்கம் வைத்திருக்கிறேன். வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. வந்தால் தேடக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

இப்படிக்கு,
மாமா